முகவாதம்: நரம்பு ஒன்று, வைத்தியம் இரண்டு

வாய் கோணினால், இழுத்துக்கொண்ட பக்கத்தில்தான் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறு. செயலிழந்த பக்கம் தொய்ந்துவிட, நல்ல பக்கத் தசைகள் வாயைத் தம் பக்கம் இழுக்கின்றன. மனிதருக்கும் குதிரைக்கும் இது பொது. பழுதாவதும் முகத் தசைகளை இயக்கும் அதே ஏழாவது கபால நரம்புதான். ஆனால் அது அடிபடும் இடம் வேறு. வைத்தியமும் அங்கேயே பிரிந்துவிடுகிறது.

மனிதரில் அதிகம் வருவது பெல்ஸ் பால்சி. காதுக்கு உட்புறம் எலும்பில் உள்ள குறுகலான குழாய் வழியே இந்த நரம்பு போகிறது. அங்கே வீங்கினால் விலக இடமில்லை, நசுங்குகிறது. ஹெர்பிஸ் வைரஸ் மேல் சந்தேகம் உண்டு. உறுதியான காரணம் இல்லை. குதிரையிலோ இந்த நரம்பின் கிளைகள் கன்னத்தில் தாடைத் தசையின் மேல், தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. மயக்க மருந்து கொடுத்து ஒருக்களித்துப் படுக்கவைத்த குதிரையின் தலைவாரைக் கழற்ற மறந்தால் போதும். கொக்கி அழுத்தி, எழுந்திருக்கும்போது உதடு ஒரு பக்கம் போயிருக்கும். உதை, விழுகை, காதருகே மூட்டு இறுகிப்போவது, அமெரிக்கக் கண்டங்களில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி என்று காரணங்கள் இன்னும் உண்டு.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க மனிதரில் நெற்றியைப் பார்க்க வேண்டும், குதிரையில் காதை. புருவத்தை உயர்த்த முடிகிறது, வாய் மட்டும் கோணியிருக்கிறது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குதிரையின் காதும் இமையும் தொங்கினால் அடி மேலே, காதருகிலோ அதற்கும் உள்ளேயோ. உதடும் நாசியும் மட்டும் கோணினால் கன்னத்தில்.

சரி, மருந்து? பெல்ஸ் பால்சி வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் மருந்தே இல்லாமல் முழுதாகத் தேறுகிறார்கள். 'தைலம் தேய்த்தேன், சரியாயிற்று' என்ற கதைகள் பலவற்றுக்கும் அதுதான் காரணம். ஆனாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் ஸ்டீராய்டு மாத்திரை அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. பெரியவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான். வைரஸ் மருந்து தனியாகப் பயன்படாது. காதில் கொப்புளம் இருந்தால் மட்டும் கதை வேறு: அது அக்கி வைரஸ்.

குதிரைக்கு இதே கணக்கைப் போடக் கூடாது. ஸ்டீராய்டு சில குதிரைகளுக்குக் குளம்பு அழற்சியை வரவழைக்கக்கூடும் என்பதால் மருத்துவர்கள் யோசித்தே கொடுப்பார்கள். அழுத்தத்தை நீக்கி, வீக்கம் குறைக்கும் மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே பெரும்பாலும் வழி. ஒட்டுண்ணி என்றால் அதற்கான மருந்து, மூட்டு இறுகியிருந்தால் அறுவை சிகிச்சை. அறுந்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். குதிரையின் நீளமான முகத்தில் அது மாதக்கணக்கு.

இமை மூடாததால் கண் இருவருக்கும் ஆபத்தான இடம். மனிதர் சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் போட்டு, இமையை ஒட்டித் தூங்க வேண்டும். குதிரைக்குக் கண்ணின் உள்மூலையிலிருந்து வரும் மூன்றாம் இமை கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் கண்ணீரும் வற்றினால் அதுவும் போதாது. அப்புறம், மனிதருக்கு இல்லாத ஒரு தொல்லை: குதிரை வாயால் மூச்சு விடாது. இரு பக்கமும் செயலிழந்தால் நாசித்துளைகள் உள்ளே ஒட்டி மூச்சே திணறும்.