டிராவல் ட்ரெய்லர் டயர்கள்: இரண்டு செட் ஓட்டிப் பார்த்ததில் பேலன்ஸிங் பற்றி என் முடிவு

டெக்சாஸில் டல்லஸ் பக்கம் இருக்கிறோம். எங்களுடையது 2018 மாடல் டிராவல் ட்ரெய்லர். பிக்கப் ட்ரக்கின் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டி. படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. இரண்டு அச்சு, நான்கு சக்கரம், லீஃப் ஸ்பிரிங். வண்டியோடு வந்த டயர்களை 2021-இல் மாற்றினேன். அந்த இரண்டாவது செட்டும் 2025-இல் கழன்று, இப்போது மூன்றாவது ஏறியிருக்கிறது. முதல் செட்டுக்கு பேலன்ஸிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாகும்படி ரிம்மில் சிறு எடைகள் ஒட்டுவது) செய்யவே இல்லை, தொழிற்சாலையிலிருந்து அப்படியேதான் வந்தது. இரண்டாவதை ஒழுங்காகச் செய்து ஓட்டினேன். வண்டி அதே வண்டி, சாலைகளும் பெரும்பாலும் அதே சாலைகள் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பேச முடிகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லருக்கும் பேலன்ஸிங் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் டயரின் சுமைத் திறனும் வயதும் சரியாக இருக்க வேண்டும். பேலன்ஸிங் செய்யும்போதும் சக்கரத்தை மெஷினில் எப்படி மாட்டுகிறார்கள் என்று கூடவே நின்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எங்கள் வண்டியில் வந்தவை எஸ்டி205/75ஆர்14, லோட் ரேஞ்ச் சி, அதாவது சுமைத் திறனின் வகுப்பு. எஸ்டி என்பது ட்ரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர். 50 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் 1,760 பவுண்டு தாங்கும் என்று சைட்வாலில் எழுதியிருக்கும். அச்சு ஒன்றுக்கு 3,500 பவுண்டு வரை ஏற்றலாம் என்று வண்டியின் முன்பக்க ஸ்டிக்கரில் இருக்கிறது. இரண்டு டயர் சேர்ந்தால் 3,520. ஆக, கையில் மிச்சம் வெறும் 20 பவுண்டு. ஒரு காலன் தண்ணீரே எட்டு பவுண்டுக்கு மேல் எடை, டேங்க் 40 காலன் பிடிக்கும். ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். முழுதாகச் சாமான் ஏற்றியபோது ட்ரெய்லரின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து 6,500 பவுண்டை ஒட்டி வந்தது. நான்கால் வகுத்தால் எல்லைக்குள்தான். ஆனால் ஃபிரிட்ஜும் அடுப்பும் வெளியே நீளும் அறையும் ஒரே பக்கம் இருக்கும்போது நான்கு டயரும் ஒரே சுமையா சுமக்கும்?

மூன்று ஆண்டு கடந்ததும் முதல் செட் வேலையைக் காட்டியது. கார்ல்ஸ்பாட் குகைகளுக்குப் போய்விட்டு ஐ-20 நெடுஞ்சாலை வழியாகத் திரும்பும்போது ஓர் ஓய்விடத்தில் நிறுத்தினோம். நிறுத்தும்போதெல்லாம் நான்கு டயரையும் கையால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். வலது பின் டயரில் பட்டனுக்கு (சாலையைத் தொடும் வெளிப்பரப்பு) நடுவே ஒரு மேடு தட்டுப்பட்டது. உள்ளே இருக்கும் பெல்ட் பிரிய ஆரம்பித்திருந்தது. காற்று கொஞ்சமும் குறையவில்லை. வால்வில் திருகியிருந்த, டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் டிபிஎம்எஸ் சென்சாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வகை சென்சார் வெளியே வால்வில் உட்கார்ந்திருப்பதால் பட்டனின் சூடு அதற்கு எட்டாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக வீடு வந்தோம். இன்னும் நூறு மைல் ஓடியிருந்தால் பட்டன் உரிந்து, வீல் ஆர்ச்சையும் அதற்கு மேலே ஓடும் வயரையும் குழாயையும் கிழித்திருக்கும். இப்படித் தரைத்தகடு கிழிந்த வண்டிகளை முகாம்களில் பார்த்திருக்கிறேன்.

அந்த டயரின் பட்டன் ஆழம் புதிது போலவே இருந்தது. ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை. வெயில், சூடு, சுமை, சும்மா நிற்கும் மாதங்கள் என்று இவைதான் அதைக் கொல்கின்றன. இரட்டை அச்சு வண்டியை ஒடித்துத் திருப்பும்போது டயர்கள் உருள்வதில்லை, பக்கவாட்டில் இழுபடுகின்றன. கேம்ப் கிரவுண்டில் ரிவர்ஸ் எடுத்து இடத்தில் நுழைக்கும்போது கீழே குனிந்து பார்த்தால் சைட்வால் எப்படி முறுக்கிக்கொள்கிறது என்று தெரியும். காரில் எந்த டயருக்கும் இந்த வேலை கிடையாது.

ஆகவே நான் பார்ப்பது தேதியைத்தான். சைட்வாலில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி. எங்கள் பழைய டயர்களில் 4117 என்று இருந்தது: 2017-ஆம் ஆண்டின் 41-ஆவது வாரம். முழு வரிசை ஒரு பக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதால் சில டயர்களில் அது உள்பக்கம் போய்விடும். டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதுதான். ஐந்து ஆண்டுக்கு மேல் எந்த ட்ரெய்லர் டயரையும் டெக்சாஸ் வெயிலில் ஓட்டமாட்டேன்.

மாற்றாக வாங்கியது குட்இயர் என்டியூரன்ஸ். 2017-இல் வந்த வகை, அமெரிக்காவிலேயே தயாராகிறது. அதே அளவில் லோட் ரேஞ்ச் டி: 65 பிஎஸ்ஐ-யில் 2,040 பவுண்டு. அச்சுக்கு 20 பவுண்டாக இருந்த மிச்சம் 580 ஆகிவிட்டது. விலை, மலிவு டயரைவிட ஒன்றுக்கு நாற்பது ஐம்பது டாலர் கூடுதல். யோசிக்காமல் கொடுக்கலாம். ஆனால் டயர் தாங்கும் என்பதற்காக ரிம்மும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிம்மின் உள்பக்கம் எவ்வளவு சுமை, எவ்வளவு அழுத்தம் என்று அடித்திருப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஆர்டர் போட்டேன். வால்வும் அப்படித்தான். சாதாரண ரப்பர் வால்வுக்கு 65 பிஎஸ்ஐ எல்லை. அதன் தலையில் சென்சார் எடையும் ஏறுகிறது என்பதால் நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வுக்கு மாறினேன்.

இனி பேலன்ஸிங். "உள்ளே யாரும் உட்கார்ந்து வரப்போவதில்லையே, எதற்கு?" என்று கேட்காத கடை இல்லை. ட்ரக் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு ட்ரெய்லர் சக்கரத்தின் அதிர்வு தெரியாது, அது உண்மைதான். ஆனால் எங்கள் வண்டியைப் போலப் பல ட்ரெய்லர்களில் ஷாக் அப்சார்பரே இல்லை. சக்கரம் குதித்தால் அதை அடக்க எதுவும் கிடையாது. குதிப்பு முழுவதும் ஸ்பிரிங், அதன் பிளாஸ்டிக் புஷ்கள், பேரிங், அப்புறம் அலமாரி ஸ்க்ரூக்கள் வரை போகிறது. முதல் செட் ஓடிய நாட்களில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பின்பக்க அலமாரியின் கீல் ஸ்க்ரூக்களை முறுக்குவது ஒரு வேலையாகவே இருந்தது. டயரின் விளிம்பில் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்தும் இருந்தது.

முதலில் போன கடையில் நான்கு சக்கரத்தையும் சாதாரணக் கார் சக்கரம் போல நடு ஓட்டையில் கோன் வைத்து மெஷினில் மாட்டினார்கள். ஒரு சக்கரம் நான்கு அவுன்ஸுக்கு மேல் கேட்டது. புது டயர், நேரான ரிம், அவ்வளவு எடையா? நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுழற்றச் சொன்னேன். எண்ணும் மாறியது, இடமும் மாறியது. சக்கரம் மெஷினில் நடுவாக உட்காரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

காரணம் எளிது. பெரும்பாலான கார் சக்கரங்கள் ஹப்பின் நடு உருளையில் அளவாகப் பொருந்தி மையம் பிடிக்கின்றன. ட்ரெய்லர் சக்கரங்கள் பெரும்பாலும் அப்படியில்லை. சக்கரத்தை ஹப்பில் பிடிக்கும் கூம்பு வடிவ லக் நட்டுகள் இறுகும்போது நட்டு ஓட்டைகள்தான் சக்கரத்தை மையத்துக்குக் கொண்டுவருகின்றன. நடு ஓட்டை சும்மா ஒரு திறப்பு, அதைத் துல்லியமாகக் கடைந்திருக்க மாட்டார்கள். ஆகவே பேலன்ஸிங் மெஷினிலும் நட்டு ஓட்டைகளில் ஊசிகள் உட்காரும் தட்டு ஒன்றை வைத்து மாட்ட வேண்டும். லக் சென்ட்ரிக் அடாப்டர் என்ற அந்தத் தட்டு இருக்கிறதா என்று ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்கிற கடைக்குப் போனால் போதும். லாரி, ட்ரெய்லர் வேலை பார்க்கும் கடைகளில் பெரும்பாலும் இருக்கும்.

இரண்டாவது கடையில் அந்தத் தட்டு இருந்தது. நான்கு அவுன்ஸ் கேட்ட அதே சக்கரம் ஒரு அவுன்ஸில் அடங்கியது. திருப்பி மாட்டிச் சுழற்றியபோதும் எண் மாறவில்லை. முதல் கடையின் எடைகளோடு அப்படியே ஓட்டியிருந்தால் பேலன்ஸிங் செய்யாததைவிட மோசமாக ஆடியிருக்கும். "பேலன்ஸ் செய்து பார்த்தேன், ஒரு பலனும் இல்லை" என்று சிலர் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கோன் இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

முழு ட்ரெய்லரையும் உள்ளே விட எல்லாக் கடையிலும் இடம் இருக்காது. நான் வீட்டிலேயே கழற்றி இரண்டிரண்டாக ட்ரக்கில் போட்டுக் கொண்டுபோனேன். ஜாக்கியைச் சட்டத்துக்குக் கீழேதான் வைக்க வேண்டும். அச்சுக் குழாயில் வைத்தால் அது வளையும், வளைந்தால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தின்னப்படும். சக்கரம் கழன்றிருக்கும்போதே பேரிங்கைத் திறந்து பார்த்து கிரீஸ் மாற்றிவிட்டேன். 12 மாதம் அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை என்பது அச்சுத் தயாரிப்பாளர் டெக்ஸ்டர் சொல்லும் கணக்கு.

திரும்ப மாட்டும்போது அவசரமே கூடாது. நட்டு ஏறும் அரை அங்குல ஸ்டட்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு முறுக்கு விசை. அதை மூன்று கட்டமாக, நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து ஏற்ற வேண்டும். நட்டுகள்தான் மையம் பிடிக்கின்றன என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒரே நட்டை முதலிலேயே முழுதாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கி உட்காரும், செய்த பேலன்ஸிங் வீண். 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி பார்த்தேன். முதல் நிறுத்தத்தில் இரண்டு நட்டுகள் கொஞ்சம் சுற்றவே செய்தன.

இப்படிப் போட்ட செட் 2025 வரை பிக் பெண்ட், ஒயிட் சாண்ட்ஸ், பாலோ டியூரோ என்று ஓடியது. பள்ளத் தேய்மானம் வரவில்லை, நான்கு டயரும் குறுக்கே ஒரே சீராகத் தேய்ந்தன. நடுவில் ஒருமுறை கழற்றிச் சரிபார்த்தபோது கால் அவுன்ஸ் திருத்தம்தான் தேவைப்பட்டது. அலமாரிக் கீல்கள் முன்பு போலத் தளரவில்லை. இதில் டயரின் பங்கு எவ்வளவு, பேலன்ஸிங்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது. ஆனால் டயர் முன்பைவிடக் கடினமானது, ஆகவே ஆட்டம் கூடியிருக்க வேண்டும். குறைந்ததற்கு பேலன்ஸிங்தான் காரணம் என்பது என் கணிப்பு.

அந்தக் கடினம்தான் எனக்கிருக்கும் ஒரே குறை. 65 பிஎஸ்ஐ வைத்தால் உடைந்த சாலையில் உள்ளே தட்டுமுட்டு எல்லாம் அதிர்கிறது. எங்கள் சுமைக்கு 60 போதும் என்று கண்டு அதிலேயே வைத்திருக்கிறேன். காலையில் வெயில் படுமுன் அளப்பது. ஓடிச் சூடானபின் எண் ஏறினாலும் காற்றை இறக்குவதில்லை. வேகத்தில் இந்த டயருக்கு 'N' என்ற எழுத்துக் குறியீடு உண்டு, அதாவது மணிக்கு 87 மைல் வரை. மேற்கு டெக்சாஸில் ஐ-10-இல் 80 மைல் பலகை இருந்தாலும் நான் 65-ஐத் தாண்டுவதில்லை. வேகக் குறியீடே இல்லாத பழைய எஸ்டி டயர்களுக்கு அந்த 65-தான் எல்லை.

சக்கரத்துக்குள் கொட்டும் மணிகள், ஹப்புக்குப் பின்னால் மாட்டும் வளையம் என்று வேறு வழிகளும் விற்கிறார்கள். நான் போட்டதில்லை; எடை ஒட்டியே வேலை முடிந்துவிட்டது.

இந்த முறையும் அதே டயர், அதே கடை, அதே தட்டு. வாங்கியது ஐந்து. முதல் செட்டில் வந்த ஸ்டெப்னிதான் 2021-க்குப் பிறகும் பின்பம்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சைட்வாலில் இப்போது மயிரிழை வெடிப்புகள். ஓடாவிட்டாலும் வெயில் அதையும் விட்டுவைப்பதில்லை. இந்தமுறை அதற்கும் புது டயர் போட்டு, பேலன்ஸ் செய்து, உறை மாட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.