கே.கே. நகரில் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்ப் பழுது: ஓர் ஒப்பந்தக்காரரின் வேலை பற்றி

சென்னையில் 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட தனி வீடுகள் பலவற்றில், கழிப்பறையிலிருந்து தெரு மேன்ஹோல் வரை செல்வது உப்பு மெருகேற்றிய ஸ்டோன்வேர் குழாய்தான். இரண்டடி நீளத் துண்டுகளாகப் புதைக்கப்பட்ட அந்தக் குழாய், தன்னளவில் எத்தனை தலைமுறைக்கும் தாங்கக்கூடியது. தாங்காதது அதன் இணைப்பு. சணல் திரி சுற்றிச் சிமெண்ட் கலவை பூசிய அந்த மூட்டு விறைப்பானது. மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கும் களிமண்ணுக்குள் அது ஏதோ ஒரு வருடம் விரிசல் விட்டே தீரும். ஈரம் தேடி அலையும் வேர் அந்த மயிரிழைப் பிளவில் நுழைந்து உள்ளே சடை பிடித்துவிடும். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருந்தது. அதைச் சரிசெய்த ஒப்பந்தக்காரரின் வேலையைப் பற்றி விரிவாக எழுதுவது, இதே பழுதோடு திண்டாடும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். அவர் பெயரைத் தவிர்த்துவிட்டு வேலையை மட்டும் எழுதுகிறேன். யாரை அழைத்தாலும் இந்த அளவுகோல்களை வைத்துப் பார்க்கலாம்.

ராடு விட்டுக் குத்தினால் அடைப்பு விலகும், சில வாரங்களில் மீண்டும் அதே இடத்தில் அடைக்கும் என்பதுதான் முதல் அறிகுறி. பிறகு போர்ட்டிகோ ஓரத்துத் தரை ஒரு மூலையில் இறங்கியது, பெருச்சாளி வளை தோண்டியது, குளியலறையில் தண்ணீர் ஊற்றினால் கழிப்பறைக் கோப்பையில் குமிழி வந்தது. எங்களை உண்மையில் அச்சுறுத்தியது இவை எதுவும் அல்ல. அந்தக் குழாய் எங்கள் குடிநீர் சம்ப்பை, அதாவது தரைக்கடியிலுள்ள தொட்டியை, ஒட்டியே போகிறது என்பதுதான். சம்ப்பின் சுவரில் சிறு கசிவு இருந்தாலும், நீர்மட்டம் தாழும் நேரத்தில் வெளியிலுள்ள கழிவுநீர் உள்ளே வரும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது.

முதலில் அழைத்தவர்கள் சேம்பர் (குழாய்ப் பாதையில் உள்ளே பார்ப்பதற்காகக் கட்டிய சிறு தொட்டி) மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, தரை முழுவதையும் உடைத்துப் புதுக்குழாய் போட வேண்டும் என்று ஒரே தொகையாகச் சொன்னார்கள். எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. நான் இங்கே மதிப்பிடும் ஒப்பந்தக்காரரோ, விலை பேசுவதற்கு முன்பே கேமரா விட்டுப் பார்த்தாக வேண்டும் என்றார். அதற்குத் தனிக் கட்டணம்; மொத்தச் செலவில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வளையக்கூடிய நீண்ட கம்பியின் நுனியில் விளக்கோடு கூடிய சிறு கேமரா, உள்ளே எத்தனை அடி போயிருக்கிறது என்று காட்டும் எண்மானி, கேமராவோடு சேர்ந்து செல்லும் 512 ஹெர்ட்ஸ் அலைபரப்பி ஆகியவற்றை அவர்கள் கொண்டுவந்தார்கள். குழாய்க்குள் கேமரா நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, தரையில் அலைவாங்கியை வைத்து நடந்து பார்த்துச் சாக்பீஸால் குறியிட்டார்கள். திரையில் முதல் பதினைந்து அடி வரை குழாய் சுத்தமாக இருந்தது. அதன் பிறகு வெள்ளை வேர்க்கொத்து, அதைத் தாண்டி ஓர் இணைப்பு விலகி அடிமண் தெரிந்தது, அதற்கும் அப்பால் கேமரா தண்ணீருக்குள் மூழ்கியது. மூழ்கிய இடத்தில் குழாய் தொய்ந்து வாட்டம், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவு, இழந்திருக்கிறது என்று அவர் விளக்கினார்.

அந்தத் தொய்வுதான் எல்லா முடிவுகளையும் தீர்மானித்தது. தோண்டாமலே சரிசெய்யும் லைனிங் முறையைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு நான் அதைக் கேட்டேன். பிசினில் ஊறிய துணி உறையைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, உப்ப வைத்து, இறுக விட்டுப் புதுக் குழாயாக்கும் அந்த முறை 1971இல் லண்டனில் எரிக் வுட் என்பவரால் முதன்முதலாகச் செய்யப்பட்டது. உலகெங்கும் இன்று நடைமுறையில் இருக்கிறது. ஆனால் உறை பழைய குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும் என்பதால், தொய்ந்த குழாய் தொய்ந்ததாகவே இருக்கும், கசிவு நின்றாலும் கழிவு தேங்குவது நிற்காது என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். அதிக வருமானம் தரும் வேலையை வாடிக்கையாளரே கேட்கும்போது, அது உங்களுக்குப் பொருந்தாது என்று காரணத்தோடு மறுப்பவரைக் காண்பது அரிது. சுத்தமாக இருந்த பதினைந்து அடியைத் தொடாமல், அங்கிருந்து மதில் அருகிலுள்ள கடைசிச் சேம்பர் வரை மட்டும் தோண்டி மாற்றுவது என்று முடிவானது.

குழாய்த் தேர்விலும் அவர்களுடைய கவனம் தெரிந்தது. கட்டடத்துக்குள் சுவரோடு ஏறும் சாம்பல் நிற எஸ்.டபிள்யூ.ஆர். குழாய் (கழிவுநீருக்கும் மழைநீருக்குமான பி.வி.சி. குழாய்) ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தரத்தின்படி வருவது. மண்ணின் பாரத்தைத் தாங்கிப் புதைந்து கிடப்பதற்கான பி.வி.சி. குழாய்க்கு ஐ.எஸ். 15328 என்று தனித் தரமே இருக்கிறது. விலை குறைவு என்பதற்காக முதல் வகையை மண்ணில் புதைத்துவிடுவது ஊரெங்கும் நடக்கிறது. இவர்கள் கொண்டுவந்து இறக்கிய செங்கல் நிறக் குழாய்களில் இரண்டாவது தர எண்ணும், கார் நிற்கும் இடத்துக்கேற்ற எஸ்.என். 8 என்ற விறைப்பு வகுப்பும் அச்சாகியிருந்தன. அச்சைப் படித்துப் பார்த்த பிறகே குழாயை ஏற்றுக்கொள்ளுமாறு என்னிடம் சொன்னவர் அவர்தான்.

பள்ளத்தின் அடியிலிருந்த கூரான கற்களைப் பொறுக்கிவிட்டு, நான்கு அங்குல உயரத்துக்கு மணல் பரப்பினார்கள். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓர் அடி வாட்டம் என்பது நெடுங்காலக் கணக்கு. வாட்டம் குறைந்தால் கழிவு படியும். கூடிவிட்டால் நீர் மட்டும் முந்தி ஓடிவிட, திடப்பொருள் பின்தங்கும் என்பார்கள். இரு முனைகளிலும் மட்டக்குழாய் வைத்துப் பார்த்து, நூல் கட்டி, ஒவ்வொரு குழாயையும் அந்த நூலுக்கு ஒப்ப வைத்தார் மூத்த பிளம்பர். ரப்பர் வளைய இணைப்பில் அவர் காட்டிய நுணுக்கத்தை அருகிலிருந்து பார்த்தேன். வெட்டிய முனையை அரத்தால் சரிவாகத் தேய்த்தார். பிசிறு விரலில் தட்டுப்படாதவரை விடவில்லை. சோப்புக் கரைசலைத் தடவினார். எண்ணெயோ கிரீஸோ ரப்பரைக் கெடுத்துவிடும் என்றார். குழாயை முழுவதும் உள்ளே தள்ளிப் பென்சிலால் கோடு போட்டு, பிறகு அந்தக் கோடு ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியுமளவு பின்னுக்கு இழுத்தார். வெயிலில் குழாய் நீள்வதற்கும் மண் அசைவதற்கும் அந்த இடைவெளி தேவை. பழைய சிமெண்ட் மூட்டுக்கு இல்லாத விட்டுக்கொடுக்கும் தன்மை இந்த ஒரு சென்டிமீட்டரில்தான் இருக்கிறது.

மூடுவதற்கு முன் நடந்த சோதனைக்காகவே இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கீழ்ச் சேம்பரில் குழாயின் வாயைக் காற்றடைத்த ரப்பர்ப் பையால் அடைத்து, மேலிருந்து நீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்த்தார்கள். பின்னர் நீரை வடித்துவிட்டு, ஒரு சேம்பரில் விளக்கையும் மறு சேம்பரில் கண்ணாடியையும் பிடித்துக் காட்டினார்கள். குழாய் நேராகவும் தொய்வின்றியும் இருந்தால் கண்ணாடியில் ஒளி முழு வட்டமாகத் தெரியும். எங்கேனும் இறங்கியிருந்தால் அந்த வட்டம் நறுக்கப்பட்டதாகத் தெரியும். எங்கள் குழாயில் முழு வட்டம் தெரிந்தது. எந்த மின்கருவியும் இல்லாத இந்தச் சோதனையை எந்த வீட்டுக்காரரும் தாமே கேட்டுச் செய்யவைக்கலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தெருவிலுள்ள மேன்ஹோலும் பாதி நிரம்பியிருந்தது. முன்பு வந்த ஒருவர், ஆளை இறக்கி அள்ளிவிடலாம், தனியாகக் கொடுத்துவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். மனிதக் கழிவை அகற்றும் பணியில் ஆட்களை ஈடுபடுத்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நேரடியாக அமர்த்துபவரோடு மறைமுகமாக அமர்த்துபவரும் இதில் அடங்குவர் என்பதால், ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எந்தத் தொகையாலும் ஈடுசெய்ய முடியாத மரணங்கள் அவை. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று ஆகாது. இந்த ஒப்பந்தக்காரர் தம் ஆட்களில் ஒருவரையும் மூடிக்குள் தலை நீட்டக்கூட விடவில்லை. தெரு மேன்ஹோல் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, அதில் நாங்கள் கை வைக்கமாட்டோம், வாரியத்தில் புகார் பதியுங்கள் என்றார். அப்படியே செய்தோம், வாரியத்தின் ஜெட்ராடிங் வண்டி வந்து உயர் அழுத்த நீரால் அடைப்பை எடுத்தது. அதற்காகக் காத்திருந்த தாமதம் முற்றிலும் நியாயமானது.

குறைகளும் உண்டு. முதலில் தந்த மதிப்பீட்டில் தரையை மீண்டும் பூசும் செலவு சேர்க்கப்படவில்லை என்பது கடைசியில்தான் தெரியவந்தது. கேட்ட பிறகே வகைவாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். போர்ட்டிகோவின் புதுப் பூச்சுக்குச் சரியாக நீராற்றவில்லை, இப்போதே மேற்பரப்பு தூளாக உதிர்கிறது. பள்ளத்தை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்பியவர்கள், இந்த எளிய வேலையில் காட்டிய அலட்சியம் வருத்தம் தருகிறது. எடுத்த பழைய குழாய்த் துண்டுகளையும் மண்ணையும் வாசலிலேயே குவித்து வைத்ததால் அண்டை வீட்டார் நடக்கச் சிரமப்பட்டார்கள். பலமுறை சொன்ன பிறகே அகற்றினார்கள். சம்ப்பை வடித்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் இட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதையும் அவர்களாகச் சொல்லவில்லை. கழிவுநீர்க் கசிவு சம்ப்புக்கு அருகே இருந்த வீட்டில், வேலையோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய முதல் அறிவுரை அது.

வேலை முடிந்ததும் குழாய் செல்லும் பாதையை வரைபடமாகக் கேட்டேன். ஒவ்வொரு இணைப்பும் மதில் சுவரிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எவ்வளவு ஆழம் என்று ஒரே தாளில் எழுதி, கேமராப் பதிவையும் பென் டிரைவில் சேர்த்துக் கொடுத்தார்கள். இதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. ஆனால் கேட்காதவர்களுக்கு இது கிடைப்பதில்லை என்று தெரிகிறது. அடுத்து யார் அங்கே மழைநீர்க் குழி வெட்டினாலும், கேட்டுக்குத் தூண் நட்டாலும் அந்தத் தாள்தான் குழாயைக் காப்பாற்றும் என்பதால், கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.