120 கேள்வி, 28,000 ரூபாய், ஐந்து நிமிட இன்டர்வியூ

அமெரிக்க விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த மூன்றாவது நாளே விசா ஏஜென்சியிலிருந்து வாட்ஸ்அப் வந்துவிட்டது. ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினால், நான் சொல்லி வரும் அடுத்த ஆளுக்கு ஃபீஸில் 10 சதவீதம் தள்ளுபடியாம். நாலு வரியில் அடங்காது, ஐந்து நட்சத்திரமும் வராது. அதனால் ஏஜென்சியின் பெயரைச் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். பெயர் பெரிய விஷயமும் இல்லை, நான் சென்னையில் விசாரித்த மூன்று இடங்களும் ஏறக்குறைய இதே பேக்கேஜைத்தான் விற்றார்கள்.

என் கதை சுருக்கமாக: ஊர் திருச்சி. கணவர் அமெரிக்கக் குடிமகன். கல்யாணம் முடிந்த கையோடு அவர் அங்கே மனைவியை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனு போட்டுவிட்டார், அதற்கு ஏஜென்சி, வக்கீல் யாரும் இல்லை, அவரே உட்கார்ந்து செய்தார். அது அப்ரூவ் ஆகி, விசா பேப்பர்களைச் சேகரிக்கும் அமெரிக்க மையமான என்விசிக்குப் போனதும், டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம், ஐ-864 என்ற ஸ்பான்சர் உறுதிமொழி, ஸ்கேன், அப்லோட் என்று ஒரு பெரிய பட்டியல் வந்தது. 325 டாலர் விசா கட்டணம், 120 டாலர் ஸ்பான்சர் பேப்பர் சரிபார்ப்புக் கட்டணம். அந்தப் பட்டியலைப் பார்த்து நான்தான் பயந்துபோய் ஏஜென்சிக்குப் போனேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது எழுதுகிறேன், அவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்.

28,000 ரூபாய் பேக்கேஜில் மூன்று சமாச்சாரம்: பேப்பர் சரிபார்ப்பு, மெடிக்கலுக்கு வழிகாட்டல், இரண்டு 'மாக் இன்டர்வியூ', அதாவது இன்டர்வியூ ஒத்திகை. கூடவே ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு பதில் புத்தகம், அதில் 120 கேள்விகள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட இருக்காது, என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தவுடனே, "அக்கா, சர்நேம் காலியா இருக்கே, எஃப்என்யூ ஆயிடுமே" என்றாள். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கும். நமக்கெல்லாம் ஒரே பெயர்தான், அப்பா பெயர் இனிஷியலாக ஒட்டிக்கொண்டிருக்கும், பாஸ்போர்ட்டில் பெயர் கட்டத்தில் மட்டும் எழுதிவிட்டு சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். அமெரிக்க விசாவில் அப்படியே விட்டால் நம் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் 'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்' என்பதன் சுருக்கமாக எஃப்என்யூ என்று அடித்துவிடுவார்கள். அங்கே போன பிறகு கிரீன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் என்று அது பின்னாலேயே வரும். கணவரின் நண்பர் ஒருவரை ஆபீஸில் சில மாதம் "ஃப்னூ" என்றே கூப்பிட்டார்களாம்.

அப்பா பெயரை சர்நேமாகப் பிரித்து பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ செய்தேன். அதற்காகப் பழைய காகிதங்களைத் தோண்டியபோது, என் பிறப்புச் சான்றிதழில் என் பெயரே இல்லை என்று தெரிந்தது. அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, 'பெண்' என்று இருக்கிறது, குழந்தையின் பெயர் கட்டத்தில் ஒரு கோடு! பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்து, அப்புறம் யாரும் போய்ச் சேர்க்கவில்லை. கார்ப்பரேஷன் ஆபீசுக்கு நாலு நடை. படிக்கிற நீங்கள் இப்போதே எழுந்துபோய் உங்கள் சான்றிதழை ஒருமுறை பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

இந்த ஒரு விஷயத்துக்காக அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண். ஏஜென்சிக்கு இல்லை, அவளுக்கு.

இனி கெட்டது. பிசிசி, அதாவது போலீஸ் சான்றிதழ். "இந்தியா பிசிசி போதும் மேடம், பாஸ்போர்ட் ஆபீஸ்ல 500 ரூபாய் கட்டி வாங்கிடுங்க" என்றார் அங்கே சீனியராக இருந்தவர். நான் சிங்கப்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். அது என் பயோடேட்டாவிலேயே இருக்கிறது, அவர்களே நிரப்பிய டிஎஸ்-260இலும் இருக்கிறது. 16 வயதுக்கு மேல் எந்த வெளிநாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தாலும் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ராத்திரி தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது, இல்லாவிட்டால் இன்டர்வியூ நடக்கும் மும்பை கான்சுலேட் வரை போய், பேப்பர் குறைகிறது என்று விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) சீட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். சிங்கப்பூர் சான்றிதழுக்குக் கைரேகையெல்லாம் எடுத்து அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கினேன். சீனியரிடம் கேட்டதற்கு, "ஓ, நீங்க சிங்கப்பூர்ல இருந்தீங்களா" என்றார். இன்னொன்று, பாஸ்போர்ட்டை மாற்றுவதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் பிசிசிக்குப் போங்கள், நான் தலைகீழாகச் செய்து இரண்டு முறை 500 ரூபாய் கட்டினேன்.

அடுத்து அந்த மாக் இன்டர்வியூ. ஒரு ஏ.சி. அறை, சுவரில் சுதந்திர தேவி படம், எதிரே டை கட்டிய ஒருவர். "உங்க கணவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்?" "அவர் டூத்பிரஷ் என்ன கலர்?" நான் அவரோடு சேர்ந்து இருந்ததே மொத்தம் ஏழு வாரம், அதில் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்து. டூத்பிரஷ் கலரை எங்கே பார்ப்பது? பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் அமெரிக்காவுக்குள்ளேயே விண்ணப்பிக்கும் தம்பதி மீது சந்தேகம் வந்தால், இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து விசாரிப்பார்களே, ஸ்டோக்ஸ் இன்டர்வியூ என்று, அங்கே கேட்பது. மும்பை ஜன்னலில் நிற்கிறவளுக்கு இதைப் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

இதுகூடச் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். கோபம் வந்தது வேறொன்றுக்கு. எங்களுடையது பார்த்து வைத்த கல்யாணம், ஜாதகம் பொருந்திய நாளிலிருந்து தாலி கட்டிய நாள் வரை 40 நாள். டை கட்டியவர், "40 நாள்னு சொல்லாதீங்க, ஒரு வருஷமா பேசிட்டிருந்தோம்னு சொல்லுங்க, அப்பதான் நம்புவாங்க" என்றார். எப்போது, எப்படிச் சந்தித்தோம் என்று கணவர் மனுவோடு எழுதிக் கொடுத்தது அந்த ஆபீசர் முன்னால் ஃபைலில் இருக்கும். சத்தியம் செய்துவிட்டு விசா ஆபீசரிடம் முக்கியமான விஷயத்தில் பொய் சொல்லிப் பிடிபட்டால், அந்த ஒரு முறையோடு போகாது, அமெரிக்கச் சட்டப்படி வாழ்நாள் தடையே வரலாம். 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மனுஷியை அந்தக் குழியில் தள்ளப் பார்த்தார்கள். மும்பையில் உட்கார்ந்திருக்கிற ஆபீசர் ஒரு நாளைக்கு எத்தனை பார்த்து வைத்த கல்யாணத்தைப் பார்க்கிறாரோ, 40 நாள் என்றால் அவருக்கு என்ன அதிர்ச்சி வரப்போகிறது? இரண்டாவது மாக் இன்டர்வியூவுக்கு நான் போகவில்லை. பணமும் திரும்பி வரவில்லை.

சரி, மெடிக்கல். கான்சுலேட் அங்கீகரித்த டாக்டர்களிடம் மட்டும்தான் எடுக்க வேண்டும், குடும்ப டாக்டர் சீட்டெல்லாம் செல்லாது. அப்படிப்பட்ட இடம் சென்னையிலேயே இருப்பதால் அதற்காக மும்பையில் கூடுதலாகத் தங்க வேண்டியிருக்கவில்லை. இன்டர்வியூ கடிதம் வந்தபிறகு எடுப்பதுதான் நல்லது, ஏனென்றால் ரிப்போர்ட்டுக்குப் பொதுவாக ஆறு மாதம்தான் ஆயுள், விசாவின் கடைசித் தேதியும் அதையொட்டித்தான் போடுவார்கள். சீக்கிரம் எடுத்தால் நமக்குத்தான் நாள் குறையும்.

நான் போன ஆஸ்பத்திரிக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகத் தருவேன். எட்டு மணிக்குப் போய் ஒரு மணிக்கு வெளியே வந்தேன். உயரம், எடை, பிரஷர், கண், டாக்டர் பரிசோதனை, சிபிலிஸுக்கு ரத்தம், மார்பு எக்ஸ்ரே. எக்ஸ்ரே என்றதும் என் கவலை தாலி. முந்தின நாள் போனில் பேசிய நர்ஸ் அக்காவே, "ஒரு மஞ்சள் கயிறுல மஞ்சள் துண்டு கட்டி எடுத்துட்டு வாம்மா, செயினைக் கழட்டிட்டு அதைப் போட்டுக்கோ, படத்துல விழாது" என்று சொல்லியிருந்தார். அம்மா பாதி சமாதானம் ஆனது அந்த ஒரு வார்த்தையில்தான். எந்த ஏஜென்சிப் புத்தகத்தில் இருக்கும் இது?

தடுப்பூசிதான் பெரிய அத்தியாயம். சின்ன வயதில் போட்ட ஊசிக்கு நம்மில் எத்தனை பேரிடம் அட்டை இருக்கிறது? அட்டை இல்லையென்றால் போடாத மாதிரிதான் கணக்கு. எனக்குத் தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் சேர்ந்த டிடேப் மூன்றும் போட்டார்கள். எல்லா டோஸையும் முடித்துவிட்டுத்தான் விசா என்று இல்லை, அன்றைக்குப் போடவேண்டிய ஒரு டோஸ் போட்டால் போதும், மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சின்னம்மை ஊசி மட்டும் வேண்டியிருக்கவில்லை. எட்டு வயதில் அம்மை போட்டு, வேப்பிலையில் படுக்கவைத்து, சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டு, மூன்று தண்ணி ஊற்றிய கதையை டாக்டரிடம் சொன்னேன். அவர் என் நெற்றியில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, கொப்புளம் எப்படி இருந்தது, வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

செலவைக் குறைக்க வெளியில் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எம்எம்ஆர், சின்னம்மை ஊசி இரண்டும் உயிருள்ள கிருமி வகை. ஒரே நாளில் இரண்டையும் போடலாம், அதை விட்டால் நடுவில் 28 நாள் இடைவெளி வேண்டும். கர்ப்பமாக இருந்தால் இரண்டுமே போடமாட்டார்கள், அதனால் நாள் தள்ளிப்போயிருந்தால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது எதற்கு என்றால், ஊசிக்குத் தனி பில் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்கள், கவுண்டரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அப்புறம், எனக்குப் பக்கத்தில் மகளிடம் போவதற்காக வந்திருந்த ஒரு பெரியவருக்கு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு. சளிப் பரிசோதனை, மூன்று நாள் காலையில் தொடர்ந்து வந்து கொடுக்க வேண்டும், சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு எட்டு வாரம் வரை ஆகும். இதை அவரிடம் நடைபாதையில் நின்றபடி எல்லார் காதிலும் விழச் சொல்லியிருக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது பழைய டிபி இருந்திருந்தால் அந்தக் காலத்து சிகிச்சைப் பேப்பர், பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், அந்த எட்டு வாரத்தையும் கணக்கில் வைத்து டிக்கெட் போடுங்கள்.

கடைசியாக மும்பை. ஜெமினி மேம்பாலத்துப் பக்கமே ஒரு அமெரிக்க கான்சுலேட் இருக்கிறதே என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், இந்த விசாவுக்கு நாம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்குத்தான் போக வேண்டும். முந்தின நாளே கைரேகைக்கும் போட்டோவுக்கும் தனியாக ஒரு அப்பாயின்ட்மென்ட். நாங்கள் மாட்டுங்காவில் அத்தை வீட்டில் தங்கினோம், நல்ல ஃபில்டர் காபிக்கு அந்த ஏரியாவில் பஞ்சமில்லை, ஆனால் ஆட்டோ சயான் வரைக்கும்தான், அதற்கு இந்தப் பக்கம் டாக்சிதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போனை உள்ளே விடமாட்டார்கள், கூட வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போவது உத்தமம்.

உள்ளே காத்திருந்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஜன்னலில் நின்றது ஐந்து நிமிடம். வலது கையைத் தூக்கிச் சத்தியம், அப்புறம் கேள்விகள். எப்படிச் சந்தித்தீர்கள்? பெரியம்மா வீட்டுக் கூடத்தில், இரண்டு குடும்பமும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. எத்தனை நாளில் கல்யாணம்? 40 நாள். ஆபீசர் சிரித்துவிட்டு டைப் செய்துகொண்டே போனார். கணவர் என்ன வேலை, கடைசியாக எப்போது வந்தார், சிங்கப்பூரில் என்ன செய்தீர்கள். சிங்கப்பூர் போலீஸ் சான்றிதழின் ஒரிஜினலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், கல்யாணப் பதிவுச் சான்றிதழைப் பார்த்தார், அவ்வளவுதான், அப்ரூவ்டு என்றார். டூத்பிரஷைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விசா, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கான சிஆர்1 பிரிவில் வந்திருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் உள்ளே நுழைந்தால் இரண்டு வருட நிபந்தனை கார்டு, அப்புறம் அந்த நிபந்தனையை நீக்க ஐ-751 மனு என்று இன்னொரு சுற்று. இரண்டு வருடம் முடிந்த பிறகு நுழைந்தால் நேராகப் பத்து வருட கார்டு. எங்கள் இரண்டாவது கல்யாண நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி, அதனால் டிக்கெட்டை 14க்குப் போட்டிருக்கிறோம், விமான நிலையத்தில் அதிகாரியிடம் நாமே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டுமாம். இதையும் ஏஜென்சி சொல்லவில்லை, கணவர்தான் கண்டுபிடித்தார். 235 டாலர் கார்டு கட்டணத்தை ஆன்லைனில் கட்டியாகிவிட்டது.

ஆக, ஏஜென்சிக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டுமே அந்தச் சின்னப் பெண்ணுக்கு.

ஒன்று விட்டுவிட்டேன். "கல்யாண ஆல்பத்தை முழுசா எடுத்துட்டுப் போங்க, அதுதான் ஸ்ட்ராங் எவிடென்ஸ்" என்று அவர்கள் சொன்னதை நம்பி, எட்டு கிலோ ஆல்பத்தை, பெட்டியோடு, திருச்சியிலிருந்து மும்பை வரை தூக்கிக்கொண்டு போனேன். கான்சுலேட்டுக்குக் கிளம்பும்போது அத்தை பார்த்துவிட்டு, "இதையா எடுத்துட்டுப் போற?" என்று கேட்டு, பதினைந்து போட்டோவை மட்டும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். அதையும் யாரும் பார்க்கவில்லை. ஆல்பம் இன்னும் மாட்டுங்காவில் அத்தை வீட்டு பீரோ மேல்தான் இருக்கிறது. 14ஆம் தேதிக்குள் யாராவது அந்தப் பக்கமிருந்து திருச்சிக்கு ரயிலில் வருவதாக இருந்தால் சொல்லுங்கள்.