இருட்டு அறைக்கு வெயில் கொண்டுவரும் கண்ணாடி: பணம் கட்டும் முன் படியுங்கள்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போயிருக்கிறது.

பகலிலேயே விளக்கு போட வேண்டிய அறை. ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், வெயில் எட்டியே பார்க்காது. இணையத்தில் விற்கும் ஒரு கடை, சூரியன் நகர நகரத் தானே திரும்பி வெயிலை உள்ளே அனுப்பும் கண்ணாடி என்று விளம்பரம் போட்டிருந்தது. யோசனை பொய்யில்லை. நார்வேயில் ரியூக்கான் ஊரின் சதுக்கத்துக்கு 2013 முதல் மலைமேல் வைத்த மூன்று கண்ணாடிகள்தான் குளிர்காலத்தில் வெயிலைத் தருகின்றன. அந்தப் படத்தைக் காட்டித்தான் என்னை மடக்கினார்கள்.

விற்பவரே போன் செய்தார். ஜன்னல் எந்தத் திசை, எதிர்ச்சுவர் எவ்வளவு உயரம், மதியம் நிழல் எங்கே விழுகிறது என்று துருவித் துருவிக் கேட்டு, ஒரு படமே வரைந்து அனுப்பினார். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் ஒளி இரண்டு பாகை திரும்பும் என்று விளக்கினார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா? முழுப் பணமும் அனுப்பினேன்.

பெட்டியில் மோட்டாரே இல்லை. கண்ணாடிகூட இல்லை, பளபளப்பான மெல்லிய அக்ரிலிக் தகடு, ஒரு தாங்கி, நான்கு திருகு. விரலால் அழுத்தினால் தகடு வளைகிறது. கூரையில் விழும் வெளிச்சம் குளத்துத் தண்ணீர் மாதிரி நெளிகிறது. அதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அசையாத தகட்டிலிருந்து வரும் ஒளி, மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் மணிக்கு ஏறக்குறைய முக்கால் மீட்டர் ஓடிவிடும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மேசையில் இருந்த வெளிச்சம் அலமாரிக்குப் பின்னால்!

கேட்டதற்கு முதலில் "மேகமூட்டமா இருக்கும் சார்" என்றார்கள். அப்புறம் "கோணம் சரியா வைக்கலை". வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். "மோட்டார் தனியா வாங்கணும், விளம்பரத்துல சின்ன எழுத்துல இருக்கே" என்று பதில். படம் வரைந்தவர் போனையே எடுப்பதில்லை. இன்று காலை "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி. ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிடைத்த தீர்வு அதுதான்.

என்னென்ன பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. மோட்டார் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கண்ணாடி வைக்கும் இடத்திலேயே வெயில் படாவிட்டால் எதை வாங்கியும் பயனில்லை. வெளிச்சம் கூடும் என்று குழிந்த கண்ணாடியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டவே வேண்டாம், குவிந்த வெயில் திரைச்சீலையைப் பற்றவைத்துவிடும். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அது இல்லாமல் திருப்பி எடுக்க மாட்டார்களாம், இப்போதுதான் சொல்கிறார்கள்.