வால்பாறையில் ஒன்பது வருடம்: கேமராவோடு போய் வந்த அனுபவம்

கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் முதன்முதலில் வால்பாறை ஏறியது 2016 டிசம்பரில். கடைசியாகப் போய் வந்தது 2025 டிசம்பரில். நடுவில் கொரோனா காலம் போக, வருடத்துக்கு இரண்டு தடவையாவது போயிருக்கிறேன். எந்த மாதம் போகலாம், எத்தனை நாள் வேண்டும், என்ன லென்ஸ் எடுத்துப் போவது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

ஊரைப் பற்றி முதலில். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரை நல்ல வெயில். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் ஏறக்குறைய 3,500 அடி உயரத்தில் மேடும் பள்ளமுமாகத் தேயிலை, காப்பித் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சோலைக்காடு மிச்சமிருக்கிறது. சுற்றிலும் ஆனைமலைக் காடு. 2007-இல் புலிகள் காப்பகம் ஆனது. ஒரு சோலையிலிருந்து இன்னொரு சோலைக்குப் போக வேண்டுமென்றால் யானையானாலும் காட்டுமாடானாலும் தேயிலைக்குள் இறங்கித்தான் போக வேண்டும். சஃபாரி டிக்கெட் எடுக்காமல், சாலையோரம் நின்றே இத்தனை உயிரினங்களைப் பார்க்க முடிவது அதனால்தான். இந்த ஊரின் சிக்கலும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது.

முதல் தடவை நான் தனியாகப் போகவில்லை. படம் எடுப்பவர்களுக்கென்றே பயணம் நடத்தும் ஒரு குழுவில் பணம் கட்டிச் சேர்ந்தேன். இரண்டு இரவு, மூன்று பகல், பன்னிரண்டு பேர், மூன்று ஜீப். காலையில் ஓர் இடம், பத்து மணிக்கு ஓர் இடம், மாலையில் ஓர் இடம் என்று ஓடிக்கொண்டே இருந்தோம். பறவை வெளியே வரவேண்டும் என்பதற்காக செல்போனில் அதன் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். குரங்கு கீழே இறங்கட்டும் என்று ஒருவர் வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். எல்லோரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பன்னிரண்டு பேரிடமும் ஒரே படம். மறுபடி அந்த மாதிரிப் பயணத்தில் நான் சேரவில்லை. நல்லபடியாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சேருவதற்கு முன்னால் ஜீப்புக்கு எத்தனை பேர், ஓர் இடத்தில் எவ்வளவு நேரம், குரல் போடுவார்களா, தீனி போடுவார்களா என்று நான்கு கேள்வி கேட்டுவிடுங்கள். பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

அதற்கப்புறம் என் வழக்கமே மாறிவிட்டது. குறைந்தது நான்கு இரவு தங்குவேன். ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். முதல் நாள் பெரும்பாலும் படமே எடுப்பதில்லை. எந்த மரம் பழுத்திருக்கிறது, எந்த ஓடைப் பக்கம் புதுச் சாணி கிடக்கிறது என்று சும்மா பார்த்துக்கொண்டு நடப்பேன். என்னிடம் உள்ள நல்ல படங்களில் பாதிக்கு மேல் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் கிடைத்தவை.

சோலைமந்திக்கு வருவோம். சிங்கவால் குரங்கு என்றால் பலருக்கும் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வால்பாறை டவுனை ஒட்டிய புதுத்தோட்டத்தில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. 2019 மே மாதம் ஒரு காலையில், காப்பித் தோட்டத்து வேலியோரம் ஒரு பலா மரத்துக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் மந்தி, வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி. குட்டிக்கு இன்னும் பிடரி மயிர் வந்திருக்கவில்லை. தாய் பழத்தின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்து, தோலைக் கடித்துக் கிழித்து, ஒவ்வொரு சுளையாக இழுத்துக் கன்னத்துப் பைக்குள் ஒதுக்கிக்கொண்டே இருந்தது. கன்னம் இரண்டும் புடைத்த பிறகு விரல்களை விரித்துப் பார்த்தது. பலாப் பிசின். கிளையின் பட்டையில் முன்னும் பின்னுமாகத் தேய்த்தது. போகவில்லை. மறுபடி தேய்த்தது. அந்த இரண்டாவது தேய்ப்பின்போது எடுத்த படம்தான் இன்று எங்கள் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. வாழைப்பழத்தை நீட்டியிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

இந்தக் குரங்கைப் படம் எடுக்க ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உடம்பு முழுக்கக் கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. கேமராவை அதன் போக்கில் விட்டால் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும். பிடரி வெளுத்துப் போய்விடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). பனிமூட்டத்தில் மலை எடுக்கும்போது நேர்மாறு: ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பனி அழுக்காகத் தெரியும். சோலைக்குள் வெளிச்சம் மிகக் குறைவு. பகல் பத்து மணிக்கே ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவு; கூட்டினால் படத்தில் புள்ளி விழும்) 3200, 6400 என்று போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். புள்ளி விழுந்த படத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் கூட்டம் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாவது உண்டு. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பல வருடமாக இங்கே வேலை செய்கிறது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதில் மந்திகள் வரிசையாக நடந்து போவதைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருக்கும். பயணிகள் தீனி போடுவதும் அவை தரைக்கு வர ஒரு காரணம். தயவுசெய்து ஒரு பிஸ்கட் துண்டுகூடப் போடாதீர்கள்.

அடுத்தது இருவாச்சி. பெரிய இருவாச்சி பறந்து வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதில் விழும். நீராவி ரயில் மூச்சு விடுவதுபோல் இறக்கைச் சத்தம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கூடு காலம். பெட்டை மரப்பொந்துக்குள் போய், வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்குச் சந்து மட்டும் விட்டு உள்ளேயே இருக்கும். மாதக்கணக்கில் ஆண்தான் இரை கொண்டுவர வேண்டும். தொண்டைக்குள் சேர்த்து வைத்திருக்கும் அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து சந்துக்குள் கொடுக்கும். ஒரு தடவை நான் எண்ணினேன்: 23 பழம். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

கூட்டு மரத்துக்குக் கீழே போய் நிற்காதீர்கள். ஆட்கள் நின்றால் ஆண் பறவை பக்கத்து மரத்தில் உட்கார்ந்துகொண்டு காத்திருக்கும், சில நேரம் திரும்பிப் போய்விடும். உள்ளே இருப்பதற்குப் பசி. நான் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, செடி மறைவில்தான் உட்காருவேன். கூடு இருக்கும் மரத்தைக் குறிப்பாகச் சொல்லவும் மாட்டேன், அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பறவை பறக்கும் படம் வேண்டுமென்றால் பழுத்த அத்தி மரத்துக்குப் போங்கள். ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்குக் குறையாமல் வைத்தால் இறக்கை கலங்காமல் பதியும்.

நிலக்காட்சி விஷயத்தில் என் எண்ணம் முழுக்க மாறிவிட்டது. ஆரம்பத்தில் அகலமான லென்ஸ் ஒன்று வாங்கினேன். நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனையில் அதை வைத்து எடுத்தால் அத்தனை பெரிய மலைகளும் கரையான் புற்று மாதிரி சிறுத்துப் போயின. இப்போது மலைக்கு நான் எடுப்பது 70-200 மில்லிமீட்டர் சூம் லென்ஸ். மலைக்குப் பின் மலை, அதற்குப் பின் மலை என்று அடுக்கி நிறுத்துகிறது அந்த லென்ஸ். பனி நடுவில் புகுந்தால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு நிறம். டிசம்பர், ஜனவரியில் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை அந்த வெளிச்சம் இருக்கும். அதற்கு மேல் தேயிலை மினுமினுக்க ஆரம்பித்துவிடும். மினுமினுப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால் கொஞ்சம் தாங்கும். சோலையாறு அணைப் பக்கம் மாலை வெளிச்சம் நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 600 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி மிருகத்தின் முகத்தை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்த காலம் எனக்கும் இருந்தது. அந்தப் படங்களை இன்று பார்த்தால் எங்கே எடுத்தது என்றே தெரியவில்லை. தேயிலைச் சரிவின் விளிம்பில் ஒற்றைக் காட்டுமாடு, பின்னால் சோலை, அதற்கும் பின்னால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் தகரக் கூரை — இப்படி ஒரு படம் 2021-இல் எடுத்தேன். மாடு படத்தில் கட்டைவிரல் அளவுதான். வால்பாறை என்றால் அதுதான் வால்பாறை.

கருவிகளுக்கு எதிரி ஈரம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாமல் பெய்யும். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. 2018 ஆகஸ்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது லென்ஸுக்குள் சிலந்தி நூல்போலப் பூஞ்சை. சுத்தம் செய்ய 6,000 ரூபாய் ஆனது. நீட்டிச் சுருக்கும் சூம் லென்ஸ்கள் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன; ஈரக்காற்றும் அப்படியே உள்ளே போய்விடுகிறது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல் அரைக்கிலோ. ராத்திரி கேமரா அதற்குள்தான் தூங்கும். ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் பையைத் திறக்காதீர்கள். கால் மணி நேரம் பை வெளிச்சூட்டுக்குப் பழகட்டும், இல்லையென்றால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். மழைக்காலத்தில் அட்டைப் புழுவும் உண்டு. காலுறைக்கு மேல் கட்டும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

யானையைப் பற்றி விளையாட்டில்லாமல் சொல்கிறேன். 2022 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், ஆற்றோரம் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தேன். கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய ஓர் அம்மா மேட்டிலிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, அங்க நிக்காதீங்க, ஓடைக்குள்ள ஆனை நிக்குது. சாமானை விட்டுட்டு வாங்க, அப்புறம் எடுத்துக்கலாம்." விட்டுவிட்டு ஏறினேன். பத்து நிமிடத்தில், என் முக்காலியிலிருந்து முப்பதடியில் மூன்று யானை, அவற்றோடு ஒரு குட்டி. எனக்கு ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி சாலையில் பைக்கில் வந்த ஜெர்மன் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்துபோனார். ஊருக்குள் பல இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் யானை இருக்கிறது என்று அர்த்தம். உள்ளூர்க்காரர்களுக்குச் செல்போனிலும் தகவல் போகும். விளக்கு எரிந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் படம் கிடையாது, அவ்வளவுதான். சிறுத்தையும் உண்டு. லயன் வீடுகளில் குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கிற ஊர் அது. ராத்திரியில் "சிறுத்தை பார்க்கலாம் சார்" என்று ஜீப்புக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

தங்குவதற்கு எஸ்டேட் பங்களா முதல் டவுன் லாட்ஜ் வரை உண்டு. 2017-இல் 1,500 ரூபாய்க்குக் கிடைத்த இருவர் அறை இப்போது 3,000-க்குக் கீழே எனக்குக் கிடைப்பதில்லை. பால்கனியில் காட்சி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, காலை ஐந்தரைக்குக் கேட்டைத் திறந்துவிடுவார்களா என்று கேளுங்கள். ஒரு விடுதியில் ஏழு மணிக்குத்தான் திறப்போம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் வெளிச்சம் வீணாகப் போயிற்று. 2025 நவம்பர் 1 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ட்ரோன் கொண்டுவர வேண்டாம், காட்டுக்கு மேல் அதைப் பறக்கவிட அனுமதி கிடையாது.

வரையாடு மட்டும்தான் வேண்டும் என்றால் மூணாறு இரவிகுளம் போகலாம், அங்கே ஆடுகள் கைக்கெட்டும் தூரத்துக்கே வரும். ஆனால் குட்டி போடும் காலம் என்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். வால்பாறைக்காரர்களுக்கு ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம், பக்கத்துப் பாறையில் வரையாடு. ஏறும்போது அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். திரும்பி இறங்கும்போதுதான் கேமரா டிக்கியில், துணிப் பைக்கு அடியில் கிடக்கும். போன டிசம்பரில் நான் கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். சாயங்காலம் நாலரை மணி. முதுகில் வெள்ளித் திட்டு விழுந்த கிழட்டுக் கிடா ஒன்று பாறை நுனியில், அணைத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. 70-200 போதுமானதாக இருந்தது.