பேரரசி எலிசபெத்: மூன்று படங்களில் எதைப் பார்ப்பது?

ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தைத் திரையில் பார்க்க நினைப்பவர் முன் வழக்கமாக இரண்டு பெயர்கள் வைக்கப்படும். ஒன்று எர்ன்ஸ்ட் மாரிஷ்கா 1955, 1956, 1957 என்று வரிசையாக எடுத்த ‘சிஸ்ஸி’ படங்கள் (எலிசபெத்தின் செல்லப்பெயர்). இன்னொன்று மாரி க்ராய்ட்சரின் ‘கோர்சாஜ்’ (2022); இடுப்பை இறுக்கும் கோர்செட் என்ற உள்ளாடையைக் குறிக்கும் பெயர். முதலாவது பொய், இரண்டாவது உண்மை என்றும் சொல்லிவிடுவார்கள். அது தவறு. இரண்டுமே வரலாற்றை வளைப்பவைதான், வளைக்கும் திசைதான் வேறு.

‘சிஸ்ஸி’யில் எலிசபெத்தாக ரோமி ஷ்னைடர் நடிக்க வந்தபோது வயது 17-ஐ ஒட்டி. படத்தில் அவருக்கு அம்மாவாக நடித்தவர் அவருடைய சொந்த அம்மா மாக்டா ஷ்னைடர். அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளையான பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப்பின் மேல் தங்கையின் தூண்டில் முள் மாட்டுகிறது, காதல் வருகிறது, அரண்மனையில் மாமியார் ஸோஃபி குழந்தையைப் பறித்துக்கொள்கிறார். ஜெர்மன் தொலைக்காட்சிகள் இன்றும் கிறிஸ்துமஸ் சமயத்தில் இதைப் போடுகின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்தே ஆண்டுகள்; தன் பெயரில் அழுக்கில்லாத ஒரு பழங்காலத்தை அன்றைய ஆஸ்திரியா தேடிக்கொண்டிருந்தது. அதை இந்தப் படங்கள் வண்ணத்தில் கொடுத்தன.

காலவரிசையில்தான் பெரிய கோளாறு. ஹங்கேரியின் அரசியாக எலிசபெத்துக்கு புடாவில் (இன்றைய புடாபெஸ்ட்டின் ஒரு பகுதி) முடிசூட்டு விழா நடந்தது 1867 ஜூன் 8. அரச தம்பதியின் இத்தாலியப் பயணம் 1856-57 குளிர்காலத்தில். மாரிஷ்கா முடிசூட்டை இரண்டாம் படத்தின் முடிவில் வைத்துவிட்டு, பத்து ஆண்டு முந்தைய பயணத்தை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டார். அந்தப் படம் வெனிஸில் முடிகிறது: ஆஸ்திரிய ஆட்சியை விரும்பாத கூட்டம் வாய் திறக்காமல் வெறுப்போடு நிற்கிறது, சின்ன மகள் அம்மாவிடம் ஓடுகிறாள், ஊரே உருகி வாழ்த்துகிறது. உண்மையில் அந்தப் பயணத்தில் உடன் போன மூத்த மகள் ஸோஃபி 1857 மே மாதம், இரண்டு வயதில், ஹங்கேரியில் இறந்துபோனாள். இது தெரிந்தவருக்கு அந்தக் கடைசிக் காட்சி இனிக்காது. ஆனால் மிலான் ஓப்பராவுக்குப் பிரபுக்கள் தாங்கள் வராமல் வேலைக்காரர்களை அனுப்பும் காட்சியைக் கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அது நடந்ததுதான்.

‘கோர்சாஜ்’ 1877 டிசம்பரில், எலிசபெத்துக்கு 40 வயது நிறையும்போது தொடங்குகிறது. எலிசபெத்தாக நடிக்கும் விக்கி க்ரீப்ஸ் தொட்டித் தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக் கிடக்கிறார், பணிப்பெண்கள் நேரம் எண்ணுகிறார்கள். பிறகு எடை, இடுப்பளவு, கோர்செட் கயிற்றை இழுப்பது. விருந்தில் எல்லோரும் சாப்பிட, இவர் தட்டில் மெலிதாக நறுக்கிய ஆரஞ்சு. இந்த நுணுக்கங்களில் படம் நம்பத் தகுந்தது. நிஜ எலிசபெத்தின் உயரம் 172 செ.மீ., எடையோ 50 கிலோவைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டார். தலை வாரவே தினம் இரண்டு மூன்று மணி நேரம். முட்டையும் கோன்யாக் பிராந்தியும் கலந்து தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு வேலையே கிடையாது. அந்தக் கூந்தலைப் படத்தில் அவரே கத்தரித்துப் போடுகிறார், சிகையலங்காரப் பெண் அழுகிறாள். அழுகையின் நியாயம் புரிய இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் தன் கிருதாவைப் பிய்த்து எடுத்து வைப்பது மட்டும் க்ராய்ட்சரின் குறும்பு.

காலப்பிழைகள் வேண்டுமென்றே வைத்தவை. 1878-இல் திரைப்பட முன்னோடி லூயி லு ப்ரான்ஸ் எலிசபெத்தைப் படம் பிடிக்கிறார். அவருடைய முதல் படச்சுருள்கள் உண்மையில் 1888-இல்தான். 1960-களின் பாட்டு ஒன்று ஹார்ப்பில் ஒலிக்கிறது. இதையெல்லாம் பிழை என்று பிடித்துப் பயனில்லை. எனக்குக் குறையாகப் படுவது முடிவு. படம் பேரரசியைக் கடலில் குதிக்க விடுகிறது. ‘கோர்சாஜ்’ என்று பெயர் வைத்த படத்துக்கு வரலாறே இதைவிடக் கூர்மையான முடிவைத் தந்திருந்தது. 1898 செப்டம்பர் 10, ஜெனீவா. லுயிஜி லூக்கேனி என்பவன் கூராக்கிய அரத்தால் நெஞ்சில் குத்தினான். கோர்செட் இறுக்கமாக இருந்ததால் ரத்தம் வெளியே தெரியவில்லை. ஏதோ இடித்துத் தள்ளினான் என்று எண்ணிய பேரரசி எழுந்து நடந்து கப்பலிலும் ஏறிவிட்டார். சரிந்து விழுந்து, உடையைத் தளர்த்தியபோதுதான் காயம் தெரிந்தது.

மூன்றாவது படம் அவரைப் பற்றியதே அல்ல. லுக்கீனோ விஸ்கோன்டியின் ‘லுட்விக்’ (1973) பவாரிய அரசனின் கதை. அதில் உறவுக்காரியாக வரும் எலிசபெத் மறுபடியும் ரோமி ஷ்னைடரே. நான்காவது ‘சிஸ்ஸி’க்கு மறுத்தவர், முப்பதுகளில் இந்த வேடத்துக்குத் தானே திரும்பினார். லுட்விக் கட்டிய ஹெரன்கீம்ஸே அரண்மனையின் கண்ணாடிக் கூடத்துக்குள் கறுப்பு உடையில் நடந்து வருகிறார், அந்த ஆடம்பரத்தைப் பார்க்கிறார், அடக்க முடியாமல் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் தெரியும் கசப்பும் புத்தியும் மற்ற இரண்டிலும் இல்லை. மூன்றில் நல்ல எலிசபெத் இவர்தான். சிக்கல், மொத்தமாக அவர் வருவது சில காட்சிகளே.

பதிப்பு விஷயத்தில் ஏமாற வாய்ப்பு உண்டு. ‘சிஸ்ஸி’ மூன்றும் சேர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல். 1962-இல் மூன்றையும் வெட்டி ஒரே ஆங்கிலப் படமாக ஒட்டி வெளியிட்டார்கள், அது வேண்டாம். ‘லுட்விக்’ வெளியானபோதே பலமாக வெட்டுப்பட்டது. விஸ்கோன்டி இறந்த பிறகு உடன் பணியாற்றியவர்கள் மீட்டெடுத்தது 238 நிமிடம். உறையில் மூன்று மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ போட்டிருந்தால் வாங்காதீர்கள். ‘கோர்சாஜ்’ இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. பாத்திரங்கள் ஆளுக்கேற்ப மொழி மாற்றிப் பேசுவதால் டப்பிங்கைத் தவிர்த்து வசன வரிகளோடு பார்ப்பது நல்லது.

ஒரே மாலைதான் கையில் இருக்கிறது என்றால் ‘கோர்சாஜ்’. இரண்டு என்றால் முதல் நாள் 1955-இன் ‘சிஸ்ஸி’ மட்டும், மறுநாள் ‘லுட்விக்’. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். தூண்டிலோடு ஓடித் திரிந்த பெண்ணை முதலில் பார்த்திருந்தால்தான் கண்ணாடிக் கூடத்துச் சிரிப்பு உறைக்கும்.