பெட்டியில் உதிர்ந்த கறுப்பு, பைக்கில் தேய்ந்த பிரவுன்

என்னிடம் இப்போது இரண்டு ஜோடி பூட்ஸ் இருக்கின்றன. பிரவுன், 2020 பிப்ரவரியில் வாங்கியது. கறுப்பு, 2023 தொடக்கத்தில் வாங்கியது. அதற்கு முன்பு இன்னொரு கறுப்பு இருந்தது. அது செத்த கதை பின்னால் வருகிறது. சென்னையில் பூட்ஸ் போடுகிறவனிடம் எல்லாரும் முதலில் கேட்பது "உனக்கு வேர்க்கலையா?" என்றுதான். வேர்க்கும். பருத்தி சாக்ஸ் போட்டால் பொறுத்துக்கொள்ளலாம், ஏப்ரல் மே மாதங்களில் செருப்புதான். மீதி நாட்களில் ஜீன்ஸுக்கும் போட்டு, ஆபீஸுக்கும் போட்டு, ரிசப்ஷனுக்கும் போட வேண்டும் என்றால் எந்தக் கலர் வாங்குவது? ஐந்து வருடத்துக்கு மேல் போட்டுத் தேய்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"முதல் ஜோடி கறுப்பா வாங்கிடு, எதுக்கும் போட்டுக்கலாம்" என்று ஆபீஸில் ஒரு சீனியர் சொன்னார். அதை நம்பி 2019இல் ஆன்லைனில் ஒரு கறுப்பு செல்சி பூட்ஸ் வாங்கினேன். செல்சி என்றால் கயிறே கிடையாது. கணுக்காலின் இரண்டு பக்கமும் எலாஸ்டிக், பின்னால் இழுத்துப் போட ஒரு துணி வளையம். விக்டோரியா ராணிக்குக் காலணி செய்துகொடுத்த ஸ்பார்க்ஸ் ஹால் என்பவர் 1851இல் காப்புரிமை வாங்கிய எலாஸ்டிக் பூட்ஸின் வழியில் வந்தது. லண்டன் குளிருக்குச் செய்ததாக இருக்கலாம், ஆனால் வீட்டு வாசல், கோயில் வாசல், டாக்டர் கிளினிக் வாசல் என்று நாள் முழுக்கக் கழற்றி மாட்டுகிற நமக்கு இதைவிடத் தோதான பூட்ஸ் இல்லை.

முதல் நாள் நீல ஜீன்ஸ், கட்டம் போட்ட சட்டை, கீழே பளபளவென்று கறுப்பு. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னடா, போலீஸ் வேலைக்கா போற?" என்றாள். சிரித்துக்கொண்டே போய்விட்டேன், ஆனால் லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தபோது அவள் சொன்னது சரி என்றே பட்டது. நமக்கெல்லாம் கறுப்பு ஷூ என்றாலே ஸ்கூல். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பேப்பர் விரித்து உட்கார்ந்து பாலீஷ் போட்டது, அசெம்பிளியில் பி.டி. மாஸ்டர் வரிசையாகக் காலைப் பார்த்துக்கொண்டே வந்தது எல்லாம் அந்தக் கலரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜீன்ஸோடு போட்டால் மேலே லீவு நாள், கீழே யூனிஃபார்ம். கறுப்பு ஜீன்ஸுக்கும் அடர் சாம்பல் பேன்ட்டுக்கும் நன்றாகவே இருந்தது. ஆனால் நான் வாரத்தில் நாலு நாள் நீல ஜீன்ஸ் ஆள். ஆறேழு முறை போட்டதும் "விசேஷத்துக்கு வச்சுக்கலாம்" என்று பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டேன்.

பிரவுன் வந்தது திட்டமில்லாமல். பெங்களூருக்குப் போகும் வழியில் பிரியாணிக்காக ஆம்பூரில் வண்டியை நிறுத்தினோம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று அந்த ரோடு முழுக்கத் தோல் தொழில்தான். ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சியதை விற்கும் கடைகள் அங்கங்கே உண்டு. ஒரு கடைக்காரர் இரண்டு பிரவுன் சக்கா பூட்ஸை எடுத்து வைத்தார். சக்கா என்றால் கணுக்கால் உயரம், கயிறு கோக்க இரண்டு மூன்று ஓட்டைதான். ஒன்று டேன் கலர், பால் தூக்கலாக விட்ட காபி மாதிரி. இன்னொன்று முதல் டிகாஷன் நிறம், நிழலில் பார்த்தால் கறுப்போ என்று தோன்றும். கை டேனுக்குத்தான் போனது. கடைக்காரர், "சார், அது போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஒரு ஜோடிதான் வாங்குறீங்கன்னா இதை எடுங்க" என்று டிகாஷனைத் தள்ளினார். 3,800 ரூபாய். அவருக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

ஏனென்றால் பிரவுன் என்று ஒரே கலர் இல்லை. டேன் நீல ஜீன்ஸுக்கு அள்ளும். கோட் போட்டால் எல்லார் கண்ணும் காலுக்குத்தான் போகும். அடர் பிரவுன் அப்படி இல்லை. நீல ஜீன்ஸ், காக்கி சீனோஸ், ஆலிவ் பச்சை, சாம்பல் பேன்ட், நேவி ப்ளூ பிளேஸர் எல்லாவற்றோடும் சண்டை போடாமல் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அது தோற்ற இடம் இரண்டுதான்: கறுப்பு பேன்ட், கறுப்பு சூட். இன்னொரு செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்த பெல்ட் எல்லாம் கறுப்பு. பிரவுன் பூட்ஸுக்காகப் பிரவுன் பெல்ட் ஒன்று வாங்கினேன், பிறகு வாட்ச் வாரையும் மாற்றினேன்.

சரி, செத்த கதை. 2022 நவம்பர், பெரியப்பா மகன் ரிசப்ஷன். அடர் சாம்பல் சூட். பரணிலிருந்து கறுப்பு செல்சியை இறக்கினேன். மூன்று வருடம் ஆகியும் மேல் தோல் புத்தம் புதிதாக இருந்தது. மண்டபத்தில் மேடை ஏறி, போட்டோ எடுத்து, இறங்கி வரும்போது சித்தப்பா கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "டேய், உன் பின்னாடி கரி மாதிரி என்னமோ கொட்டிக்கிட்டே வருதுடா." திரும்பிப் பார்த்தால் சிவப்புக் கம்பளத்தில் வாசலிலிருந்து மேடை வரை கறுப்புத் துணுக்குகள். வலது ஹீல் பாதி இல்லை. இடதில் சோல் முன்பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டால் ஊறிய ரஸ்க் மாதிரிப் பிய்ந்து வந்தது. பந்தியில் கடைசி வரிசை பார்த்து உட்கார்ந்து, வீட்டுக்குச் சாக்ஸோடு காரில் வந்தேன்.

அது பாலியூரித்தேன் சோல், கடையில் பி.யூ. என்பார்கள். காற்றில் இருக்கும் ஈரம் மெல்ல மெல்ல அந்தப் பொருளின் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. நடந்து தேய்வது வேறு; இது பெட்டிக்குள் சும்மா இருந்தே உதிர்வது. சென்னைப் புழுக்கத்தில் மூன்று வருடம், அதில் பல மாதம் ஊரடங்கு. வாங்கிய இடத்துக்கு எழுதினேன், வாரண்டி காலம் முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவர்களைச் சொல்லியும் முழுப் பயன் இல்லை. விசேஷத்துக்கு என்று மூடி வைத்தது நான்தான். எப்போதாவது போடப்போகும் கறுப்பு வாங்குகிறீர்கள் என்றால் கலருக்கு முன்னால் சோல் என்ன என்று கேளுங்கள். கையில் எடுத்தால் கனமே தெரியாமல், நகத்தால் அழுத்தினால் ஸ்பாஞ்சு மாதிரி லேசாக அமுங்கினால் எனக்கு இப்போது பயம்.

இரண்டாவது கறுப்பும் செல்சிதான்; ரப்பர் சோல், ஓரம் சுற்றித் தைத்தது, 5,200 ரூபாய். இதைப் பரணில் ஏற்றுவதில்லை. மாதம் இரண்டு முறையாவது கட்டாயமாகப் போட்டுவிடுவேன்.

அப்புறம் பைக். இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கியர் லீவர் இடது காலில். மேலே தூக்கித் தூக்கி இடது பூட்ஸின் மூக்கில் ஒரு தழும்பு விழுந்துவிடும். கறுப்பில் அது பிரச்சினையே இல்லை, ஒரு விரல் பாலீஷ், நாலு இழுப்பு பிரஷ், போயே போய்விடும். பிரவுனில் லீவர் ரப்பரின் கறுப்பு அப்பிக்கொண்டு ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு கறை. அதை மறைக்கப் போய்த்தான் கடையில் கிடைத்த 'டார்க் டேன்' பாலீஷைப் பூசினேன். பெயரில் டார்க் இருக்கிறதே என்ற நம்பிக்கை. அது செம்மண் நிறம். இரண்டு மாதம் இடது கால் ஒரு கலர், வலது கால் ஒரு கலர். பிரவுனுக்குப் பாலீஷ் வாங்கும்போது பூட்ஸைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது கலரில்லாத கிரீமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் யோசனையையும் கேட்காதீர்கள். கேட்டேன், பூசிய இடம் திட்டாகக் கறுத்தது, நாலு நாளில் சிக்கு வாடையும் வந்தது.

தூசியில் நேர்மாறு. கறுப்பு அழுக்கைக் காட்டாது என்று நினைத்திருந்தேன். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் கால் மணி நேரம் நடந்து பாருங்கள், கறுப்பு பூட்ஸ் மாவு மில்லிலிருந்து வந்ததுபோல இருக்கும். பிரவுனில் அதே தூசி படிந்திருந்தாலும் தெரியாது. மீட்டிங்குக்குக் கறுப்பு போட்டுப் போகிற நாளில் பையில் ஒரு பழைய பனியன் துணி வைத்திருப்பேன்.

மழைக்குக் கறுப்புதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். செருப்பு ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் இரண்டு ஜோடியும் ஒரு ராத்திரி முழுக்க ஊறின. செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நாளுக்கு இரண்டு முறை மாற்றி, வெயில் படாமல் ஃபேனுக்கு அடியில் வைத்தேன். அந்த ஈரம் போவதற்குள் இரண்டிலும் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிட்டது. துடைத்து கிரீம் போட்டதும் கறுப்பு எதுவுமே நடக்காததுபோல நின்றது. பிரவுனில் ஹீலுக்கு இரண்டு விரல்கடை மேலே, வீட்டுச் சுவரில் நின்ற வெள்ளக் கோடு மாதிரியே ஒரு கோடு. இன்றும் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஆனாலும் பிரவுன் பழசாவது எனக்குப் பிடித்திருக்கிறது. மடிப்பு விழும் இடம் வெளுத்து, மூக்கு கறுத்து, நடு டிகாஷனாகவே நிற்கிறது; புதிதாக இருந்தபோது இருந்ததைவிட ஜீன்ஸுக்கு இப்போதுதான் பொருத்தம். கறுப்பு பழசானால் சாம்பல் பூத்ததுபோல ஆகும், அவ்வளவுதான். அதைப் புதிதாகவே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

டிரஸ்ஸியாக எது என்று கேட்டால் பழைய பதில் கறுப்பு. இங்கிலாந்தில் நகரத்துக்குள் பிரவுன் கூடாது என்று ஒரு வழக்கமே இருந்தது. பிரவுன் கிராமத்துக்கும் வேட்டைக்கும். போய்விட்டது என்று நினைத்தால், 2016இல் பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் வெளியிட்ட ஓர் அறிக்கை, லண்டன் முதலீட்டு வங்கிகளில் சூட்டுக்குப் பிரவுன் ஷூ போட்டு வந்த பையன்களைப் பற்றி வேலைக்கு எடுப்பவர்கள் முகம் சுளித்ததைப் பேசுகிறது. வசதியில்லாத வீட்டிலிருந்து வருகிறவனுக்கு அந்த எழுதாத சட்டம் யார் சொல்லித் தெரியும்? நம் ஊர் இன்டர்வியூவில் யாரும் காலைக் குனிந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இருந்தாலும் வங்கி, கோர்ட், வெளிநாட்டு கிளையன்ட் என்றால் நான் கறுப்புதான் போடுவேன், வம்பு எதற்கு. ராத்திரி விசேஷத்துக்கும் கறுப்பு. மண்டபத்து லைட்டில் அதன் மினுமினுப்பே தனி.

மொத்தத்தில் பத்து நாள் பூட்ஸ் போட்டால் எட்டு நாள் பிரவுன். ஒரே ஜோடி வாங்கப் பணம் இருந்தால் டிகாஷன் பிரவுன் எடுங்கள், பைக் லீவருக்கு ஒரு ரப்பர் உறை மாட்டிக்கொள்ளுங்கள். வாரம் முழுக்கக் கறுப்பு பேன்ட் போடும் வேலை என்றால் நான் சொன்னதையெல்லாம் தலைகீழாக எடுத்துக்கொள்ளலாம்.

பிரவுனுக்குப் போன வருடம் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் 700 ரூபாய்க்கு சோல் மாற்றினேன். ஹீல் மறுபடி வெளிப்பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது. நேற்று காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோல் இன்னும் ரெண்டு சோல் தாங்கும் தம்பி. நீங்கதான் நடையை மாத்தணும்" என்றார்.